பயிற்சி பெறாதவள்

அத்தியாயம் பதினொன்று

மேட்டுக்குப் போகிற அன்று மட்டும் டீச்சரை யாருக்கும் தெரியாது.

அது அவளே செய்துவைத்த ஏற்பாடு. ஊருக்கு வெளியே குன்றின் உச்சியில் இருக்கிற பல்கலைக்கழகத்தை ஊரார் மேடு என்றுதான் சொல்வார்கள். 'அவன் மேட்டுக்குப் போய்ட்டான்' என்றால் அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை. வேலை, வீடு, மரியாதை எல்லாம் வரிசையில் நின்று பின்னால் வரும் என்று அர்த்தம். அங்கே நேர்காணலுக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் உட்காருவதற்கு முன் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

"இந்த நேர்காணலுக்காக நான் யாரிடமும் பயிற்சி பெறவில்லை."

அதைச் சொல்லாத பிள்ளை இல்லை. பயிற்சி பெறாத பிள்ளையும் கிட்டத்தட்ட இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைக் குரல் நடுங்காமல் சொல்வதற்கே டீச்சர் தன் வீட்டு முன்னறையில் தனியாக ஒரு வகுப்பு நடத்தினாள். வகுப்பு முடிகிற நாளில் தவறாமல் சொல்வாள்: "மேட்டுல என்னைப் பாத்தா யாரோன்னு போயிடணும். சிரிக்கக்கூடக் கூடாது. உங்க அப்பா அம்மாகிட்டயும் சொல்லி வைங்க."

ஊர் பிள்ளைகளை எல்லாம் அப்படித் தயார் செய்தவளிடம், அவள் பெற்ற பெண் மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டாள். போன வாரச் சண்டையின் சூடு வீட்டில் இன்னும் ஆறவில்லை.

"அந்த வாக்கியத்த நான் நிஜமா சொல்லணும்மா. அவ்வளவுதான். உன் வகுப்ப நான் குறை சொல்லல."

"குறை சொல்லாமலேதான் சொல்ற."

முன்பல் இரண்டும் சற்றுத் துருத்தியிருப்பதால் குழந்தையிலிருந்தே மகளுக்கு வீட்டில் முயல் என்று பெயர். பிடிவாதம் மட்டும் முயலுக்கு உரியதல்ல. டீச்சர் கோபித்தாள், இரண்டு வேளை பேசாமல் இருந்தாள், கடைசியில் விட்டுவிட்டாள். விட்டது மட்டுமில்லை. மகள் உள்ளே போய் என்ன பேசப்போகிறாள் என்றுகூடக் கேட்பதில்லை என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டாள். கேட்டால் ஏதாவது திருத்தம் சொல்லத் தோன்றும். திருத்தம் சொன்னால் அதுவும் பயிற்சிதானே.

இன்று காலை மேட்டுக்கு ஏறும் பஸ்ஸில் அந்தக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, அதை விழுங்கிக்கொண்டாள்.

அப்போதே கேட்டிருக்கலாம்.

* * *

மேட்டின் முன்மண்டபம் உயரமானது. மேலே பார்த்தால் கழுத்து வலிக்கும். பார்க்காமலும் இருக்க முடியாது. சத்தமாகப் பேசக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் மெதுவாகத்தான் பேசினார்கள்.

இரண்டு நாள் நேர்காணலில் இது முதல் நாள். பெஞ்சுகளில் பெற்றோர் நிறைந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் டீச்சருக்குத் தெரிந்தவர்கள். ஆளைக் கண்டதும் ஒருத்தர் சுவரில் இருந்த படத்தை ரசிக்க ஆரம்பித்தார். பழக்கத்தில் தலையசைத்துவிட்ட இன்னொருவர், பாதியில் நினைவு வந்து, கழுத்துச் சுளுக்கு எடுப்பவர் போலத் தலையை அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டார். போன வாரம் அவள் முன்னறையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தி, இப்போது கண்ணாடிக் கதவைப் பார்ப்பது போல டீச்சரை ஊடுருவி அந்தப் பக்கம் பார்த்தாள்.

எதிர் பெஞ்சில் டீச்சரின் அக்கா. அவளும் தெரியாதவள் போலத்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் இருவருக்கும் ஒரே மூக்கு. பதற்றம் வந்தால் இருவரும் ஒரே மாதிரி இடது காலை ஆட்டுவார்கள். ஒரு சிறுமி இவளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் அப்பா காதில் ஏதோ கேட்டாள். அவர் "ச்சும்மா இரு" என்றார்.

அக்கா பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிறாள். கணவன் போன பிறகு மகனைத் தனியாக வளர்த்தவள். டீச்சர் வீடு முதல் மாடி, அதற்கு மேல்மாடியில்தான் அக்காவின் குடியிருப்பு. அவள் மகன், முறைக்கு முயலுக்கு அண்ணன். வயதில் சில மாதங்கள்தான் மூத்தவன். புரொபசர் என்று கூப்பிடுவார்கள். இருவரும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, மதிப்பெண்ணிலும் மாறி மாறி முன்னும் பின்னும்.

சிக்கலே அங்கேதான். ஒரே பள்ளியிலிருந்து இரண்டு பேரை மேடு எடுத்ததாக யாருக்கும் நினைவில்லை. அப்படி ஒரு விதி கிடையாது என்று மேட்டுக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். விதி இருந்தாலாவது அதை எதிர்த்து ஒரு மனு போடலாம்.

முதலில் புரொபசர் வெளியே வந்தான். முகத்தில் வெளிச்சம். நேராக டீச்சரை நோக்கித்தான் நடந்தான். "சித்தி" என்று வாய் திறந்தவன், சட்டென்று நினைவு வந்து, திசையை மாற்றித் தன் அம்மாவிடம் போனான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் டீச்சர்தான். நன்றாகச் செய்திருக்கிறான் என்று அவன் நடையிலேயே தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிறகு முயலின் முறை.

கதவு மூடியது. மற்றப் பிள்ளைகள் உள்ளே இருந்த நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது. கதவு திறந்து அவள் வந்துவிட்டாள்.

யாரைத் தெரியும், யாரைத் தெரியாது என்கிற ஏற்பாடெல்லாம் அவளுக்கு இல்லை. மண்டபத்தின் நடுவில் நின்று, எல்லார் காதிலும் விழ, "அம்மா, போலாம்" என்றாள்.

* * *

இறக்கத்தில் பஸ் நிறுத்தம் வரை அவள் ஒன்றும் பேசவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இத்தனை நாளில் பழகியிருந்தது.

நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. முயல் கம்பத்தில் சாய்ந்துகொண்டாள்.

"மூணு பேர்ல நடுவுல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. ரொம்ப அன்பாத்தான் பேசினாங்க. நீயா கவனிச்சுக் கண்டுபிடிச்ச ஒரு விஷயம் சொல்லுன்னாங்க."

"ம்."

"நான் கண்ணாடிக் கடை விஷயத்தச் சொன்னேன்."

டீச்சர் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

கண்ணாடிக் கடை விஷயம் நடந்தபோது முயலுக்குப் பத்து வயது. அவள் அப்பா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். புரொபசருக்கும் அப்போது பத்து வயதுதான். வகுப்பில் ஒருவன் கண்ணாடி போட்டு வந்து பெரிய மனுஷன் ஆகிவிட்டான் என்று, தனக்கும் கண் தெரியவில்லை என்று சாதித்துக்கொண்டு கடை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் எல்லாவற்றையும் தப்பாகப் படித்தான். கடைக்காரச் சித்தப்பா கவலைப்பட்டுப்போனார். பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த முயல் சொன்னாள்: "அப்பா, இவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. நிஜமாவே தெரியாதவங்க தப்பா சொன்னாலும் பக்கத்துல வருவாங்க. வட்டமா இருந்தா இன்னொரு வட்டமான எழுத்தத்தான் சொல்வாங்க. இவன் ஒரு தடவகூடப் பக்கத்துலயே வரல. எழுத்து நல்லாத் தெரிஞ்சாத்தான் இவ்வளவு தூரம் தள்ளித் தப்பு பண்ண முடியும்."

கடைக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பவர் இல்லாத வெறும் கண்ணாடி போட்ட ஃபிரேம் ஒன்றைப் பையனுக்குக் கொடுத்தனுப்பினார். ஒரு வருஷம் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தான். புரொபசர் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

"சொல்லி முடிச்சதும் மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க," என்றாள் முயல். "அப்புறம் அந்த அம்மா கேட்டாங்க. உங்க அப்பாவுக்கு நிஜமாவே கண்ணாடிக் கடையான்னு. ஆமான்னேன். போன வருஷம் வந்த ஒரு பையனோட அப்பாவுக்கும் கண்ணாடிக் கடைதான், அதுக்கு முந்தி ஒரு பொண்ணோட மாமாவுக்கு, இன்னிக்குக் காலைலயே ஒருத்தரோட பெரியப்பாவுக்கு. இந்த ஊர்ல எல்லாருக்கும் அவ்வளவு பார்வைக் குறையான்னாங்க. பக்கத்துல இருந்தவர் சிரிச்சாரு."

டீச்சர் நிழற்குடையின் பெஞ்சைத் தேடி உட்கார்ந்தாள்.

"பயிற்சி பெறலைன்னு முதல்ல சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்றீங்களான்னாங்க. சொன்னேன். ரொம்ப நல்லா சொல்றீங்கன்னாங்க."

"முயலு..."

"அம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டாங்க. டீச்சர்னேன். என்ன டீச்சர்னாங்க. நான் வாயே திறக்கல. அப்புறம் போகச் சொல்லிட்டாங்க."

கீழே ரோட்டில் பஸ் வளைவு திரும்பி ஏறுவது தெரிந்தது. இன்னும் வந்து சேரவில்லை.

"அந்தக் கதைய நீ யாருக்காவது சொன்னியாம்மா?"

"உதாரணத்துக்குச் சொன்னேன்."

"யாருக்கு?"

யாருக்கு என்று சொல்வாள். வருஷங்களுக்கு முன்னால் ஒரு பையன், எனக்கு எந்த அனுபவமும் இல்லை டீச்சர் என்று அழுதபோது, 'எனக்குத் தெரிஞ்ச ஒரு குழந்தை' என்று அதைச் சொன்னாள். பிள்ளைகளின் முகம் மலர்ந்தது. அடுத்த அணிக்கும் சொன்னாள். அப்புறம் முதல் வகுப்பே அதில்தான் தொடங்கியது. 'இதே மாதிரி உங்களோடதத் தேடுங்க' என்பாள். பயந்த பிள்ளைகள் தேடவில்லை. கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தன் மகளைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள அவளுக்கு வேறு இடம் கிடையாது. பேர் சொல்லாமல், ஊர் பிள்ளைகளிடம், வருஷா வருஷம்.

"எல்லா வகுப்புலயுமா?"

"உதாரணத்துக்குத்தான்டா கண்ணு."

"உதாரணம்," என்றாள் முயல். அந்த வார்த்தையை அப்போதுதான் முதல்முறை கேட்பவள் போல. "நீ எங்கிட்ட என்ன பேசப்போறேன்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

"கேக்கக்கூடாதுன்னு நினைச்சேன். உனக்காகத்தான்."

"தெரியும்," என்றாள் முயல்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ் வந்தது. டீச்சர் ஏறவில்லை. "நீ கடைக்குப் போ. அப்பாகூட இரு. நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி மேட்டை நோக்கி ஏறினாள்.

* * *

சாப்பாட்டு இடைவேளை. மண்டபத்தில் பெஞ்சுகள் காலி. கவுன்ட்டரில் ஒருவர் பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நேர்காணல் குழுவோட பேசணும்."

"யாரும் பேச முடியாதும்மா. நாளைக்கு மதியம் வரைக்கும் உக்காருவாங்க. முடிவு வர்ற வரைக்கும் நாங்ககூட அவங்களோட பேசறதில்ல. டீ கொண்டுபோய் வச்சுட்டு வந்துடுவோம்."

"ஒரு தப்பு நடந்துடுச்சு. ஒரு பொண்ண அவங்க தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க."

"நீங்க?"

"அம்மா."

"இங்க வர்றவங்க எல்லாருமே அம்மாதாம்மா." அவர் கேலி செய்யவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். "தப்புன்னா என்ன தப்பு? சொல்லுங்க, எழுதி உள்ள வைக்கறேன். படிப்பாங்களான்னு தெரியாது."

டீச்சர் வாயைத் திறந்தாள்.

சொல்லலாம். இந்த ஊரில் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்புகிறவள் நான்தான். அந்தக் கதையைப் பரப்பியதும் நான்தான். அது என் மகளுடையது. அவளுக்கு மட்டும் நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் இதைக் கேட்கிற யாராவது நம்புவார்களா? ஊருக்கே பயிற்சி கொடுப்பவள் பெற்ற பெண்ணுக்கு மட்டும் கொடுக்கவில்லையாம். அவளாக இருந்தால் அவளே நம்பமாட்டாள். நம்பாமல் போவதோடு நிற்காது. அவள் முன்னறையில் உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று தோண்டுவார்கள். காலையில் வெளிச்சமான முகத்தோடு வந்தவனும் அதில் ஒருவன்.

"என்னம்மா எழுதட்டும்?"

"ஒண்ணுமில்ல," என்றாள் டீச்சர்.

அவர் பேனா மூடி அவள் காலடியில்தான் கிடந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். மேட்டில் அன்று அவளால் செய்ய முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

* * *

கடையில் கணவர் ஒரு ஃபிரேமின் காதை வளைத்துக்கொண்டிருந்தார். முயல் உள்ளறையில் படுத்திருக்கிறாள் என்று கண்ணாலேயே காட்டினார். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

"என்னங்க, ஏதாவது சொல்லுங்க."

"என்ன சொல்றது டீச்சர்." அவரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கல்யாணமான புதிதில் கேலிக்கு ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டது. "நான் வேணா வந்து சொல்றேன். நாற்காலி இருக்கு, எழுத்துப் பலகை இருக்கு. நான் இருக்கேன்."

"அப்பா வந்து சொன்னா யாரு கேப்பா?"

"அதுவும் சரிதான். பொண்ணுக்காக வர்ற அப்பன்." காதை வளைத்த ஃபிரேமைத் தன் முகத்தில் மாட்டிப் பார்த்துக் கழற்றினார். "அன்னிக்குக் கடைல நாலு பேருதான். நான், நீ, அவ, அப்புறம் நாற்காலில உக்காந்திருந்தவன்."

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் போய், 'அது நான்தான், அவ என்னத்தான் பிடிச்சா' என்று சொன்னால் நம்புவார்கள். தன்னைப் பொய்க்காரன் என்று யாரும் சும்மா வந்து சொல்லமாட்டார்கள் அல்லவா. ஆனால் அவன் யார், அவளுக்கு என்ன உறவு, இரண்டு பேரும் எந்த வீட்டில் வளர்ந்தார்கள் என்று கேட்பார்கள். காலையில் அவன் நின்று சொன்ன அந்த வாக்கியத்தையும் மறுபடி சொல்லச் சொல்வார்கள்.

* * *

மேல்மாடிக் கதவு திறந்தே இருந்தது. அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இன்று அவள் கத்தி பலகையில் தாளம் போட்டது.

"வா வா. உன் பையன் கலக்கிட்டான். அவங்களே சிரிச்சுட்டாங்களாம். எல்லாம் நீ போட்ட பிச்சைடி."

"அப்படியெல்லாம் பேசாதக்கா."

"முயல் ஏன் சீக்கிரம் வந்துட்டா? எனக்கு அங்கயே திக்குனுச்சு. கேக்கலாம்னா உன் சட்டம் வேற. ஒரே வயித்துல பிறந்தவ எதிர்ல உக்காந்திருக்கா, யாரோ எவரோன்னு பாத்துக்கிட்டிருக்கணும்."

டீச்சர் சொன்னாள். நின்றுகொண்டே, ஒன்றையும் ஒளிக்காமல். சொல்லச் சொல்லக் கத்தியின் தாளம் மெதுவாகி நின்றது.

அக்கா நறுக்கியதை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். மறுபடி இந்தப் பக்கம் ஒதுக்கினாள்.

"ஐயோ, அந்தக் குழந்தை," என்றாள். பிறகு, "இப்ப நீ எதுக்கு மேல வந்தேன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றாள்.

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலயே."

"நீ கேக்கவே வேணாம்டி. உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? அவன் போய்ச் சொன்னா அவளுக்குச் சரியாயிடும். அதானே?"

"சரியாகுமான்னு தெரியல. ஆகலாம்."

"அவனுக்கு?"

டீச்சர் பலகையிலிருந்து உருண்ட ஒரு துண்டை எடுத்து வைத்தாள்.

"அந்த வாக்கியத்த அவன் நின்னு சொல்லிட்டு வந்திருக்கான். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே. இப்ப போய் அது பொய்ன்னு சொல்லச் சொல்றியா? நீதானடி சொன்ன, எல்லாரும் சொல்றாங்க, சொல்லலாம், தப்பில்லன்னு."

"சொன்னேன்."

"உன் பொண்ணு சொல்லமாட்டேன்னு நின்னா. பெரிய மனசு. அவளுக்கு அப்பா இருக்காரு, கடை இருக்கு. மேடு இல்லேன்னா வேற ஒண்ணு. இவனுக்கு என்னடி இருக்கு? பல் டாக்டர்கிட்ட வர்றவங்ககிட்ட வாயத் திறங்கன்னு நான் சொல்றதுகூட இல்ல. உக்காருங்கன்னு சொல்றவ நான்."

"அவளுக்கும் இது ஒண்ணுதான்க்கா. சின்ன வயசுலேருந்து."

"தெரியும். ரெண்டையும் நான்தானே ஒரே பாய்ல போட்டுத் தூங்கவச்சேன்." அக்காவின் குரல் இறங்கியது. "நான் எதுக்குப் பயப்படறேன் தெரியுமா? அவன் மாட்டேன்னு சொல்லிடுவான்னு இல்ல. நீ கேட்டா அவன் போயிடுவான். சித்தின்னா அவனுக்கு அப்படி. ஒரு வார்த்த மறுத்துப் பேசமாட்டான். போய் எல்லாத்தையும் சொல்லிட்டு வந்து, சாப்பாடு போடும்மான்னு உக்காருவான். அதுக்கப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

அக்கா சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு என்று எடுத்து வைக்க முடியவில்லை. மகளின் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. இடம் ஒன்றுதான் இருந்தது.

"நீயா அவன்கிட்ட கேக்கக்கூடாது," என்றாள் அக்கா. "எனக்கு வாக்குக் குடு."

"அக்கா..."

"கேக்கமாட்டேன்னு சொல்லு."

அடுப்பில் எதுவோ பொங்கும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பவில்லை.

"கேக்கமாட்டேன்," என்றாள் டீச்சர்.

* * *

பொழுது சாய்ந்த பிறகு புரொபசர் கீழே இறங்கி வந்தான். நண்பர்களோடு சுற்றிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான். காலையில் போட்ட நல்ல சட்டையை இன்னும் கழற்றவில்லை. டீச்சர் முன்னறை நாற்காலிகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு வகுப்பு இல்லை. இனிமேல் எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

"சித்தி."

"வாடா. நல்லா பண்ணியாமே."

"ஏதோ பண்ணேன்." உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றான். "முயல் எப்படி பண்ணா?"

அக்காவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. டீச்சர் ஒரு நாற்காலியைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தாள்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கா."

அவன் போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை.

"எந்தக் கதைய சொன்னா சித்தி?"

டீச்சரின் கை நாற்காலி முதுகிலேயே நின்றுவிட்டது. நேர்காணல் முடிந்து வந்தவர்களிடம் எல்லாரும் கேட்பது, என்ன கேட்டார்கள் என்றுதான். இவன் அவள் என்ன சொன்னாள் என்று கேட்கிறான்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

அவன் தரையைப் பார்த்தான்.

"டேய். உனக்குத் தெரியுமா?"

"நம்ம வீட்டு வகுப்புக்கு வர்ற சில பேர் கண்ணாடிக் கடைக் கதையத்தான் சொல்லப்போறதா பேசிக்கிட்டாங்க. ஒருத்தன் எனக்கே நடிச்சுக் காட்டினான். அவனோட பெரியப்பா கடைன்னு."

"எப்ப?"

"போன மாசம்."

"அவ அதத்தான் சொல்வான்னு?"

"அவ வேற எதச் சொல்வா சித்தி? அவளுக்குப் பிடிச்சதே அதுதானே."

"ஏண்டா அவகிட்ட சொல்லல? தினமும் ஸ்கூலுக்கு ஒண்ணாத்தானடா போறீங்க."

"சொல்லணும்னுதான் தினமும் கிளம்புவேன்." அவன் குரல் உடையவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. கணக்கு ஒன்றை விளக்குகிறவன் போல மெதுவாகச் சொன்னான். "தெருமுனை வர்ற வரைக்கும் சொல்லிடலாம்னு இருக்கும். அப்புறம் ஸ்கூல் வந்துடும். ஒரு இடம்தானே சித்தி."

ஒரு வார்த்தை மறுத்துப் பேசாத பையன் என்று மேலே ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்கும் தெரியவில்லை, சொல்லிக்கொடுத்தவளுக்கும் தெரியவில்லை. திட்ட வேண்டும் என்று டீச்சருக்குத் தோன்றியது. எந்த வாயால் திட்டுவது? ஒரு மாசம் ஒருவன் பேசாமல் இருந்தது பெரிதா, வருஷக்கணக்கில் ஒருத்தி பேசிக்கொண்டே இருந்தது பெரிதா?

"என்னையும் ஒண்ணு கேட்டாங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்து படுத்திருந்த முயல் உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. தலை கலைந்திருந்தது.

"கடைசியா. அது அம்மாகிட்டகூட நான் சொல்லல. அந்தக் கதை நிஜம்னா, நாற்காலில உக்காந்து பொய் சொன்ன பையன் யாரு, இப்ப எங்க இருக்கான்னு கேட்டாங்க. அவன வந்து சொல்லச் சொல்லு, நம்பறோம்னாங்க."

புரொபசர் நிமிர்ந்தான்.

"தெரியாதுன்னு சொல்லிட்டேன்," என்றாள் முயல். "எந்த ஊருக்கோ போயிட்டான், பேர்கூட மறந்துபோச்சுன்னேன். காலைல எனக்கு முன்னாடி இங்க நேர்காணலுக்கு உக்காந்துட்டுப் போனவன்தான்னு எப்படிச் சொல்றது? உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. உள்ள போய் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதத்தான் அவங்க கண்டுபிடிச்சுட்டாங்கன்னு நினைக்கறேன். அதுக்கப்புறம்தான் போகச் சொன்னாங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க வந்தவள் போல, சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

மேலேயிருந்து அக்கா கூப்பிட்டாள். "டேய், சாப்பிட வா. ஆறிடப்போகுது."

அவன் மாடிப்படியில் ஒரு கால் வைத்தான். மேலே பார்த்தான். டீச்சருக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. நல்ல சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. போடா என்று சொல்வதா, போகாதே என்று சொல்வதா? எதைச் சொன்னாலும் அது ஒரு பிள்ளைக்கு எதிராகப் போய் விழும். அவள் வாயைத் திறக்கவில்லை.

அவன் காலை எடுத்துவிட்டுத் திரும்பினான். மேலே ஏறவில்லை. கீழே இறங்கினான். முதலில் மெதுவாக, பிறகு இரண்டிரண்டு படியாக. தெருக்கதவு திறந்து மூடிக்கொண்டது. காலடிச் சத்தம் மேட்டு பஸ் நிற்கிற பக்கம் ஓடியது.

மாடிக் கைப்பிடியில் அக்காவின் தலை தெரிந்தது. கையில் சோற்றுக் கரண்டி.

"எங்கடி போறான் இந்நேரத்துல?"

டீச்சர் வாசலுக்கு வந்து அண்ணாந்து அந்த முகத்தைப் பார்த்தாள். தன் முகத்தைப் போலவே இருந்த முகம்.

"நான் எதுவும் கேக்கலக்கா," என்றாள்.